நீறு பூத்த நெருப்பு

நுழையும்முன்

சட்டைப்பையில் திறன்பேசி, மேசையில் மடிக்கணினி, வாசலில் மின்ஸ்கூட்டர் என லித்தியம் அயனி மின்கலம் இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. அதன் பயனை அறிந்த அளவிற்கு அதன் இயல்பை நாம் அறிந்துகொள்ளவில்லை. விறகும் மண்ணெண்ணெயும் எரிவதைப் போல அது எரிவதில்லை. எனவே, அதனை அணைக்கும் முறையும் அதனால் காயமுற்றவருக்குச் செய்யும் முதலுதவியும் சற்றே வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளைக் காரணத்தோடு விளக்க முற்படுகிறது இப்பாடம்.

ஆய்வகத்தில் பிறந்த அச்சம்

1970களில் அமெரிக்காவின் எக்சான் நிறுவன ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்காம், லித்தியம் உலோகத்தை எதிர்மின்வாயாகக் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலம் ஒன்றை உருவாக்கினார். அது 2 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தந்தது. ஆனால், ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் லித்தியம் உலோகம் மெல்லிய முள்போல் வளர்ந்து, எதிரிலிருந்த மின்வாயைத் தொட்டுவிடும் நிலை ஏற்பட்டது. அவ்வாறு தொட்டபோது மின்கலம் தீப்பற்றியது. தீயணைப்புப் படையினர் பலமுறை அவ்வாய்வகத்திற்கு வரநேர்ந்தது. லித்தியம் தீயை அணைப்பதற்கான சிறப்பு வேதிப்பொருள்களின் செலவை ஆய்வகமே ஏற்க வேண்டியிருக்கும் என்று ஒரு கட்டத்தில் அவர்கள் எச்சரித்ததாக நோபல் பரிசுக் குறிப்பு கூறுகிறது.

1980இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குட்டினஃப், கோபால்ட் ஆக்சைடை நேர்மின்வாயாகப் பயன்படுத்தி மின்னழுத்தத்தை 4 வோல்ட்டாக உயர்த்தினார். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை அறவே விலக்கிவிட்டு, லித்தியம் அயனிகளைத் தன் அடுக்குகளுக்கிடையே ஏற்றுக்கொள்ளும் கரிப்பொருளை எதிர்மின்வாயாக அமைத்தார். பின்னர் வெடிபொருள்களைச் சோதிக்கும் இடத்திற்குத் தம் மின்கலத்தைக் கொண்டு சென்று, அதன்மீது கனத்த இரும்புத் துண்டை விழச்செய்தார். அது வெடிக்கவில்லை. லித்தியம் உலோகம் கொண்ட மின்கலத்தின்மீது அதே இரும்பு விழுந்தபோது பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. லித்தியம் அயனி மின்கலம் பிறந்த கணம் அதுவே என்பது யோஷினோவின் கருத்து. தன் ஆற்றலை வெளிப்படுத்தியதைப் பிறப்பு எனக் கருதாமல், வெடிக்காமல் இருந்ததைப் பிறப்பு எனக் கருதிய அவர்தம் பார்வை எண்ணிப் பார்க்கத்தக்கது. 1991இல் சோனி நிறுவனம் இம்மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது குட்டினஃபின் அகவை 97.

மயிரிழையினும் மெல்லிய தடுப்பு

மின்கலத்தைப் பிரித்துப் பார்ப்பது பேரிடர். எனவே, அதன் உள்ளமைப்பைச் சொல்லால் அறிவோம். கிராஃபைட் பூசிய செம்புத் தகடு ஒருபுறம். உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு மறுபுறம். இரண்டிற்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட நெகிழிப் படலம் ஒன்று உண்டு. பிரிப்பான் எனப்படும் அதன் தடிமன் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியைவிட மெல்லியது. இவையனைத்தும் மின்பகுளி என்னும் கரைசலில் ஊறியிருக்கின்றன. வண்டிகளில் பயன்படும் பழைய ஈய அமில மின்கலத்தில் மின்பகுளி நீர்க்கரைசலாகும். லித்தியம் அயனி மின்கலத்திலோ அது எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். எரிபொருளும் மின்னாற்றலும் ஒரே உறைக்குள் இருக்க, இரு மின்வாய்களையும் பிரித்து வைத்திருப்பது அம்மெல்லிய படலம் மட்டுமே.

வெப்பநிலை ஏறத்தாழ 90 முதல் 120 டிகிரி செல்சியசை எட்டும்போது, கிராஃபைட்டின் மேல் படிந்துள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்கி வெப்பத்தை வெளியிடுகிறது. 130 டிகிரி அளவில் பாலிஎத்திலீனாலான பிரிப்பான் உருகத் தொடங்குகிறது. மின்வாய்கள் ஒன்றையொன்று தொட்டதும் குறுக்குச்சுற்று ஏற்பட்டு வெப்பம் மேலும் பெருகுகிறது. 200 டிகிரி அளவில் கோபால்ட் கொண்ட நேர்மின்வாய் தன்னிடமுள்ள ஆக்சிஜனையே வெளியிடத் தொடங்கும். வெப்பம் வினையைத் தூண்ட, வினை மேலும் வெப்பத்தைப் பெருக்க, நிறுத்தவியலாத சுழல் உருவாகிறது. இதனை ‘வெப்பக் கட்டுமீறல்’ எனலாம்.

‘மின்கலம் வெடித்தது’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம். பல வேளைகளில் முதலில் நிகழ்வது வெடிப்பன்று. உள்ளே பெருகிய வளிகள் உறையைப் பிளந்துகொண்டு சீற்றொலியுடன் வெண்புகைபோல் வெளிவருகின்றன. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன்கள், ஆவியான மின்பகுளி, நச்சுத்தன்மை மிக்க ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஆகியவை அதில் கலந்திருக்கும். தீ பற்றினால் சுவாலை; பற்றாமல் மூடிய அறைக்குள் தேங்கினால் அதனினும் பெரிய இடர். அதனைப் பின்னர்க் காண்போம்.

கோபால்ட்டுக்கு மாற்றாக இரும்பு பாஸ்ஃபேட்டைக் கொண்ட மின்கலங்கள் இவ்வகையில் மேம்பட்டவை. அவை ஆக்சிஜனை எளிதில் விடுவிப்பதில்லை. கட்டுமீறும் வெப்பநிலையும் கூடுதல். ஆயினும் அவற்றின் மின்பகுளியும் எரியக்கூடியதே. ‘எங்கள் மின்கலம் தீப்பற்றவே பற்றாது’ என்னும் விற்பனை உரையை அப்படியே நம்புதல் வேண்டா.

கட்டுமீறலுக்குக் காரணங்கள் பல: அளவுமீறிய மின்னேற்றம், அடிபடுதல், வெளிவெப்பம், உட்புகுந்த நீர், உற்பத்திப் பிழை. இறுதியிற் கூறிய காரணம் கண்ணுக்குத் தெரியாதது. 2016இல் சாம்சங் நிறுவனம் தன் கேலக்ஸி நோட் 7 திறன்பேசிகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இரு வேறு உற்பத்தியாளர்களின் மின்கலங்களில் இரு வேறு நுண்பிழைகள் இருந்தமை பின்னர்ப் புலனாயிற்று. 2013 சனவரியில் போஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 விமானத்தின் மின்கலம் எரிந்தது. சில நாள்களிலேயே ஜப்பானில் அதே வகை விமானம் ஒன்று மின்கலக் கோளாற்றால் அவசரமாகத் தரையிறங்கியது. உலகெங்கும் அவ்வகை விமானங்கள் பறப்பது நிறுத்தப்பட்டது. ஒரு கலத்தில் நேரும் உட்குறுக்குச்சுற்றின் கடும் விளைவுகளை வடிவமைப்பின்போது போதிய அளவு கருதவில்லை என்பது போஸ்டன் நிகழ்வை ஆராய்ந்தோர் கண்ட முடிவு.

தெரிந்து தெளிவோம்

விமானப் பயணத்தில் மின்கலத்தின் அளவு ‘வாட் மணி’யால் கணக்கிடப்படுகிறது. மில்லிஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட் மணி கிடைக்கும். 20,000 மில்லிஆம்பியர் மணி, 3.7 வோல்ட் கொண்ட பவர் பேங்க் 74 வாட் மணி ஆகும். 100 வாட் மணி வரை கைப்பையில் எடுத்துச் செல்லலாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் இசைவு தேவை. பவர் பேங்கையும் உதிரி மின்கலங்களையும் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தல் கூடாது. பயணியர் அறையில் தீப்பற்றினால் உடனே காணலாம், அணைக்கலாம்.

வாசலில் நிற்கும் வண்டி

திறன்பேசி மின்கலத்தின் ஆற்றல் ஏறத்தாழ 19 வாட் மணி. மின்ஸ்கூட்டர் ஒன்றின் மின்கல அடுக்கு 3 கிலோவாட் மணி எனக் கொண்டால், அஃது ஏறத்தாழ 150 திறன்பேசிகளுக்குச் சமம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் மின்னேற்றத்திலிருந்த மின்வண்டி தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அவ்வாண்டின் கோடையில் நாட்டின் பல இடங்களில் மின்வண்டிகள் தீப்பற்றியதைத் தொடர்ந்து, நடுவண் அரசு இருசக்கர மின்வண்டிகளுக்கான ஏஐஎஸ் 156 என்னும் தரநிலையைத் திருத்தியது. ஒரு கலத்தில் நேரும் குறுக்குச்சுற்று அடுக்கு முழுவதும் தீயாகப் பரவுகிறதா என்னும் சோதனை, மின்கல மேலாண்மை அமைப்பு, மின்னேற்றி ஆகியவை பற்றிய விதிகள் அதில் சேர்க்கப்பட்டன. திருத்தம் 2022 திசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது.

தரநிலை தொழிற்சாலையைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்குள் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதை அது கட்டுப்படுத்தாது. நம் ஊர்களில் வீடுகள் பெரும்பாலும் ஒரே வாசல் உடையவை. அடுக்குமாடிகளில் வண்டிகள் மாடிப்படியின் கீழேயே நிற்கின்றன. அங்கே தீப்பற்றினால் மேலிருப்போர் வெளியேறும் ஒரே வழி புகைக்கூண்டாக மாறிவிடும். வண்டி எத்தகையதாயினும், வெளியேறும் வழியில் மின்னேற்றக் கூடாது என்பதே எல்லா விதிகளினும் முதன்மையானது என்பேன். இரவில் அனைவரும் உறங்கும் வேளையில் மின்னேற்றுவதையும் தவிர்த்தல் நலம். சித்திரை வெயிலில் ஓட்டிவந்த வண்டியை உடனே மின்னேற்றாமல் நிழலில் ஆறவிட்டபின் மின்னேற்ற வேண்டும். அந்தந்த மின்கலத்திற்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். செருகி பொருந்துகிறது என்பதனாலேயே மின்னழுத்தமும் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

மின்கலம் தன் நோயை முன்னரே உணர்த்துவதும் உண்டு. திறன்பேசியின் பின்மூடி மேலெழும்புதல், மின்னேற்றாதபோதும் சூடாயிருத்தல், இனிப்பு கலந்த கரைப்பானின் நெடி, சீற்றொலி ஆகியன அதன் அறிகுறிகள். உப்பிய மின்கலத்தை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற முயல்வோர் உளர். அக்காற்று எரிவளி, அவ்வூசி குறுக்குச்சுற்று. மழைவெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் ஐயத்திற்குரியதே. 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயான் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்வண்டிகள் சில, வெள்ளம் வடிந்த பின்னர்த் தீப்பற்றின. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதே காரணம். மூழ்கிய வண்டியை வீட்டிலிருந்து தள்ளி நிறுத்தி, வல்லுநர் ஆராயும்வரை மின்னேற்றாதிருக்க வேண்டும்.

நீரா, மணலா?

லித்தியம் உலோகம் நீருடன் வினைபுரியும் என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்போம். அதனைக் கொண்டு, மின்கலத் தீயில் நீர் ஊற்றக் கூடாது என்று பலர் எண்ணுகின்றனர். மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலத்தில் லித்தியம் பெரும்பாலும் அயனியாகவே உள்ளது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இத்தீயின் உயிர்நாடி வெப்பம். வெப்பத்தை விரைந்து கவர்வதில் நீருக்கு நிகரான பொருள் வீட்டில் இல்லை. போர்வையால் மூடினால் வெப்பம் உள்ளேயே அடைபடும். வெளிக்காற்றைத் தடுத்தாலும் கலத்திற்குள் வினை தொடரும். மணல் தீ பரவுவதைச் சற்றுத் தடுக்கும். ஆனால் போதிய அளவு குளிர்விக்காது. உலர்பொடி அணைப்பான் சுவாலையை அடக்கும். சில நொடிகளில் அடுத்த கலம் பற்றும். விமானப் பணியாளர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியும் சுவாலையை அடக்கியபின் நீர் ஊற்றிக் குளிர்விப்பதையே வலியுறுத்துகிறது. பனிக்கட்டியை வைத்தல் கூடாது; அது வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும்.

எனினும் நீரை எடுக்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கருவி சுவர் மின்சாரத்துடன் இணைந்திருப்பின் முதன்மை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்க இயலாதெனில் நீர் ஊற்றுதல் ஆகாது. திறன்பேசி, பவர் பேங்க் அளவிலான தீயைத் தொலைவில் நின்று நீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அதனைக் கையில் எடுத்து வெளியே ஓடுதல் கூடாது. மின்ஸ்கூட்டர் அளவிலான தீயோடு போராடுவது நம் வேலையன்று. அனைவரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, 101 அல்லது 112 என்னும் எண்ணை அழைத்து, எரிவது லித்தியம் மின்கலம் என்பதையும் கூறவேண்டும். அவ்வொரு சொல் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் எத்தகைய ஆயத்தத்துடன் வருவது என்பதை முடிவுசெய்ய உதவும்.

புகை அடங்கிவிட்டது என்று கதவைத் திறந்து பார்ப்பதும் தவறு. 2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சர்ப்ரைஸ் என்னும் நகரிலுள்ள மின்கலச் சேமிப்பு நிலையத்தில் கட்டுமீறல் நேர்ந்தது. அங்கிருந்த தீயடக்கும் வளி தானாக வெளிப்பட்டு அறையை நிரப்பிற்று. ஆனால், அது கலங்களைக் குளிர்விக்கவில்லை. கட்டுமீறல் ஒரு கலத்திலிருந்து மறுகலத்திற்குத் தாவியது. எரிவளிகள் மூடிய அறைக்குள் தேங்கின. சில மணி நேரத்திற்குப் பின் வீரர்கள் கதவைத் திறந்தனர். வெளிக்காற்று உட்புக, அறை வெடித்தது. பாதுகாப்பு உடையணிந்த பயிற்சி பெற்ற வீரர்கள் நால்வர் கடுங்காயமுற்றனர்.

காயமுற்றவர்க்கு முதலுதவி

புகையே முதற்பகை. புகையைச் சுவாசித்தவரைத் தூய காற்றுள்ள இடத்திற்கு அழைத்துச் சென்று, நிமிர்ந்து அமரச்செய்து, இறுகிய ஆடைகளைத் தளர்த்த வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலியும் குழப்பமும் அதன் அறிகுறிகள். நுரையீரலில் நீர்கோத்தல் சில மணிநேரம் கழித்தும் நேரலாம். எனவே, ‘இப்போது நன்றாக இருக்கிறேன்’ என்று அவரே கூறினும் மருத்துவமனைக்கு அனுப்புதல் இன்றியமையாதது. மூச்சு நின்றிருப்பின் 108ஐ அழைத்துவிட்டு, பயிற்சி பெற்றோர் உடனே இதய நுரையீரல் உயிர்ப்பித்தலைத் தொடங்க வேண்டும்.

தீக்காயத்தின்மீது குளிர்ந்த ஓடும் நீரை 20 நிமிடம் விடவேண்டும். மோதிரம், வளையல் ஆகியவற்றை வீக்கம் தோன்றுமுன் கழற்றவேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்த்தலும் கொப்புளத்தை உடைத்தலும் தீங்கு. பற்பசை, மை, எண்ணெய் ஆகியவற்றைப் பூசும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. அவை காயத்தின் வெப்பத்தை உள்ளே நிறுத்துவதோடு, மருத்துவர் அவற்றைச் சுரண்டியெடுக்கும்போது மேலும் துன்பம் தருகின்றன. நீரால் குளிர்வித்தபின் தூய துணியால் தளர்வாக மூடினாலே போதும்.

மின்பகுளி கண்ணில் தெறித்தால் இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் தூயநீரால் கழுவியவாறு மருத்துவ உதவி தேடவேண்டும், தேய்த்தல் கூடாது. தோலில் பட்டால் நனைந்த ஆடையை அகற்றி நிறைய நீரால் கழுவவேண்டும். மின்பகுளியிலுள்ள உப்பு ஈரத்துடன் சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடை உண்டாக்கும். அதனால் ஏற்படும் காயத்தின் வலி தாமதமாகத் தோன்றக்கூடும். அதற்குக் கால்சியம் குளுகோனேட் என்னும் தனி மருந்து உண்டு. எதனால் வந்த காயம் என்பதை மருத்துவரிடம் கூறினால்தான் அம்மருந்து கிடைக்கும்.

எரியாமல் எரிக்கும் காசு

சுவாலையே இல்லாமல் எரிக்கும் லித்தியம் மின்கலமும் உண்டு. தொலையியக்கி, எடைக்கருவி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றில் இருக்கும் காசு வடிவ மின்கலமே அது. 20 மில்லிமீட்டர் விட்டமும் 3 வோல்ட் அழுத்தமும் கொண்ட அதனைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரமான திசு சுற்றை நிறைவு செய்ய, எதிர்முனையருகே கடுங்காரம் உருவாகித் திசுவை அரிக்கும். உள்ளிருப்பது கசிவதால் அன்று, மின்னோட்டத்தாலேயே இக்கேடு விளைகிறது. இரண்டு மணி நேரமே கடும்புண் உண்டாகப் போதுமானது. எனவே, மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருத்தலும், வாழைப்பழம் ஊட்டித் தள்ள முயல்தலும், வாந்தியெடுக்கச் செய்தலும் கூடா. எக்ஸ் கதிர்ப் படமெடுக்கும் வசதியும் உணவுக்குழாயிலிருந்து அதனை எடுக்கும் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே விரைய வேண்டும்.

வழியில் தேன் கொடுக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சில பரிந்துரைக்கின்றன. ஓராண்டு நிறைந்த குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்திற்குள் எனின், 10 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி வீதம் ஆறு முறை வரை கொடுக்கலாம். தேன் மின்கலத்தைச் சூழ்ந்து, காரத்தின் கடுமையைக் குறைத்துச் சற்றே அவகாசம் ஈட்டித் தருகிறது, அவ்வளவே. தேன் தேடி அங்காடிக்குச் செல்லும் நேரத்தில் மருத்துவமனையை அடைந்துவிடலாம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

அணைந்த பின்னும்

மேலே சாம்பல் படர்ந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தணலை நீறு பூத்த நெருப்பு என்பர். லித்தியம் மின்கல அடுக்கைப் பொறுத்தவரை இது வெறும் உவமையன்று. அணைந்ததாகத் தோன்றிய அடுக்கில் பாதி சேதமுற்ற கலங்கள் மீதமிருக்கும். அவை மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து மீண்டும் எரியலாம். ஆகவேதான் எரிந்த மின்வண்டியைப் பிற வண்டிகளிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் ஏறத்தாழ 15 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துமாறு கூறுகின்றனர்.

பழுதான சிறு மின்கலத்திற்கும் இது பொருந்தும். வீட்டுக் குப்பையோடு எறியப்படும் மின்கலம், குப்பை வண்டியில் நசுங்கும்போது தீப்பற்றுகிறது. அதன் விளைவைத் தாங்குபவர் தூய்மைப் பணியாளரே. அதன் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, தனியே வைத்து, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். 2022 ஆகத்து மாதம் அறிவிக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்துள்ளன. பிற கழிவுகளோடு கலவாமல் அவற்றைத் தனியே சேர்க்கும் கடமையை நுகர்வோருக்கு அவ்விதிகள் வரையறுத்துள்ளன.

கலைச்சொல் அறிவோம்

மின்பகுளி – எலக்ட்ரோலைட்
பிரிப்பான் – செப்பரேட்டர்
குறுக்குச்சுற்று – ஷார்ட் சர்க்யூட்
வெப்பக் கட்டுமீறல் – தெர்மல் ரன்அவே
மின்கல அடுக்கு – பேட்டரி பேக்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள லித்தியம் மின்கலங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் வாட் மணியையும் கணக்கிடுக.
2. உங்கள் வீட்டின் வரைபடத்தை வரைந்து, மின்னேற்றும் இடத்தையும் வெளியேறும் வழியையும் குறித்துக் காட்டுக. இரண்டும் ஒன்றாயின் மாற்றிடம் ஒன்றைப் பரிந்துரைக்க.
3. அரிசோனா நிகழ்வில் தீயடக்கும் வளி பயன்பட்டும் வெடிப்பு நேர்ந்ததன் காரணத்தை வகுப்பில் விளக்கிப் பேசுக.